கிரகணமும் கர்ப்பிணித் தாயும்

கிரகணம் வரப்போகிறது என்று வானொலியில் அறிவித்ததும் உங்கள் வீட்டில் முதலில் யாரைத் தேடுகிறார்கள்? வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணைத்தான். கதவு யன்னலைச் சாத்து, கத்தியைத் தொடாதே, ஊசியில் நூல் கோக்காதே, சொறிந்து கொள்ளாதே, தண்ணீர்கூடக் குடிக்காதே என்று பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். கத்தியை எடுத்தால் பிள்ளைக்கு உதடு பிளந்து போகும், கையை மடக்கினால் விரல் ஒட்டிப் போகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் இதில் ஒன்றாவது குர்ஆனிலோ ஹதீஸிலோ வந்திருக்கிறதா என்று கேட்டால், எவரும் ஓர் ஆதாரத்தைக் காட்டுவதில்லை.

சும்மா ஒரு மூடநம்பிக்கை, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி விட முடியாததற்கு என் தங்கையின் கதைதான் காரணம். 2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போன ஆண்கள் திரும்பி வரும் நேரத்தை ஒட்டிச் சூரிய கிரகணம். அப்போது தங்கைக்கு ஏழாம் மாதம். காலையில் வந்த மீனை அறுத்துக் கழுவிச் சமைத்தது அவள்தான். வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை. மார்ச் மாதம் மகன் பிறந்தான். மேலுதட்டில் ஒரு பிளவு.

குழந்தையைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்கள் சிலர் தாயின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்: “கிரகணத்துல மீன் வெட்டின எண்டு சொன்னாங்க, உண்மையா புள்ள?” ஆஸ்பத்திரியில் தையல் போட்டு உதடு நேரான பிறகும் அந்தக் கேள்வி நேராகவில்லை. ஒன்பது வருடமாக, தன் கையால்தான் தன் பிள்ளையின் முகம் இப்படியானது என்று நம்பிக்கொண்டிருந்தாள் என் தங்கை. 2019 டிசம்பரில் அடுத்த பெரிய கிரகணம் வந்தபோது என் மூத்த மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்திய இரவு தங்கை தொலைபேசியில் அழுதாள். “ராத்தா, பிள்ளையக் குசினிப் பக்கம் விட்டுராதீங்க. நான் பட்டது போதும்.”

அவளுக்குச் சொன்னவற்றைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் வானத்தில் நடப்பது என்ன? சூரியனின் குறுக்களவு சுமார் 13,92,000 கிலோமீற்றர். சந்திரனின் குறுக்களவு 3,474 கிலோமீற்றர் மட்டுமே. அதாவது சூரியன் சந்திரனைப் போல் 400 மடங்கு பெரிது. ஆனால் சந்திரனை விட ஏறத்தாழ 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. சந்திரன் இருப்பது சராசரியாக 3,84,400 கிலோமீற்றரில். சூரியன் 15 கோடி கிலோமீற்றரில். இதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியைக் கண்ணருகே பிடித்தால் எதிர்வீட்டு வாசல் விளக்கு மறைந்து போகிறதல்லவா, அதுபோல.

அடுப்படிச் சாமானிலேயே விளங்கிக் கொள்ளலாம். பூமி ஒரு கடலை என்று வையுங்கள். அப்போது சந்திரன் ஒரு கொத்தமல்லி விதை. கடலையில் இருந்து ஓரடிக்குச் சற்றுக் கூடிய தூரத்தில் அதை வைக்க வேண்டும். சூரியனோ நான்கடி அகலமான ஒரு பந்து. அதை வைப்பதற்கு நீங்கள் குசினியை விட்டு, வளவை விட்டு, தெருவில் 130 மீற்றர் நடக்க வேண்டும். கொத்தமல்லி விதையின் நிழல் கடலையின் மேல் ஒரு சின்னப் புள்ளியாக விழுகிறது. சூரிய கிரகணம் என்பது அந்த நிழலைத் தவிர வேறொன்றுமில்லை. மரத்தின் நிழல் கர்ப்பிணியின் மேல் விழுந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று எவரும் சொல்வதில்லையே.

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சந்திரன் வருவது மாதக் கடைசியில்தான், அதாவது பிறை மறைந்து போன அமாவாசையில். சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் சந்திரனில் விழுகிறது; அது பிறை பதினான்கு, பதினைந்தில்தான் நடக்கும். அப்படியென்றால் மாதாமாதம் கிரகணம் வர வேண்டுமே என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. சந்திரன் சுற்றும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே பெரும்பாலான மாதங்களில் அதன் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் விலகிப் போய்விடும். அந்தப் பாதைகள் வெட்டுகின்ற இரண்டு இடங்களையும் சூரியன் நெருங்குகின்ற காலத்தில் மட்டுமே கிரகணம் சாத்தியம். அந்தக் காலம் சுமார் 173 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. நம் அயலிலுள்ள இந்து சகோதரர்கள் ராகு, கேது என்று பெயர் சொல்வது இந்த இரண்டு இடங்களைத்தான்.

இந்த 173 என்ற எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு கர்ப்ப காலம் 280 நாட்கள். அப்படியானால் உலகத்தில் இதுவரை பிறந்த, நிறைமாதம் சுமந்த எந்தப் பிள்ளையும், நீங்களும் நானும் உட்பட, உலகின் ஏதோ ஒரு மூலையில் கிரகணம் நடக்கும்போது தாயின் வயிற்றில் இருந்தவர்கள்தாம். கிரகணத்துக்குப் பிள்ளையைத் தொடும் சக்தி இருந்தால் நம்மில் யார் தப்பியிருப்போம்? வேறு எங்கோ நடந்தது வேறு, நம் ஊரில் தெரிந்தது வேறு என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. உதட்டுப் பிளவு உலகளவில் ஏறத்தாழ 700 பிறப்பில் ஒன்றாகக் காணப்படுகிறது. நம் வானில் கிரகணம் தெரிகின்ற வருடம், தெரியாத வருடம் என்று அது பார்ப்பதில்லை.

சகோதரிகளே, இந்த நம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. கடல் கடந்து மெக்ஸிகோவிலும் கிரகணத்தால் உதடு பிளக்கும் என்று சொல்வார்கள். ஆனால் அங்கே கர்ப்பிணிகள் தற்காப்புக்காக ஓர் இரும்பு ஊசியையோ சாவியையோ வயிற்றோடு சேர்த்துக் குத்திக் கொள்கிறார்கள்! நம்மிடம் இரும்பைத் தொடாதே, அங்கே இரும்பில்லாமல் இருக்காதே. இரண்டில் எது சரி என்று நீங்களே மாமிமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி உதட்டின் விடயம். குழந்தையின் முகம் வயிற்றில் பல துண்டுகளாக வளர்ந்து நடுவில் வந்து ஒட்டுகிறது. மேலுதடு ஒட்டி முடிவது கர்ப்பத்தின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். அண்ணம் ஒட்டி முடிவது ஒன்பதாம் வாரம் அளவில். பல பெண்களுக்கு அப்போதுதான் வயிற்றில் பிள்ளை என்பதே உறுதியாகும். ஏழாம் மாதத்தில் என் தங்கை மீன் வெட்டியபோது அந்தப் பிள்ளையின் உதடு உருவாகி ஐந்து மாதத்துக்கு மேலாகிவிட்டது. அவள் கத்தியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், கதவைப் பூட்டிக் கொண்டு கட்டிலில் கிடந்திருந்தாலும், மார்ச் மாதம் பிறந்திருக்கக்கூடியவன் அதே மகன்தான். பிளவு ஏன் வருகிறது என்றால், பெரும்பாலும் பரம்பரைக் கூறும் மற்றச் சில காரணங்களும் சேர்ந்து வருகிறது. புகைத்தல், கர்ப்பத்துக்கு முன்பே உள்ள நீரிழிவு, வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. கர்ப்பமாக எண்ணும் காலத்திலிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை எடுங்கள் என்று கிளினிக்கில் மருத்துவ மாது சொல்வதை வீட்டுப் பெரியவர்கள் கிரகணத்துக்குக் கொடுக்கும் கவனத்தோடு கேட்டால் எவ்வளவு நன்மை! பிளவோடு பிறந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. உதட்டை மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் சத்திரசிகிச்சை செய்து சரிப்படுத்துகிறார்கள். வெட்கப்பட்டுப் பிள்ளையை மறைத்து வைப்பதுதான் தவறு.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? நம் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்றாஹீம் குழந்தைப் பருவத்தில் மதீனாவில் வபாத்தான அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்றாஹீமின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக் கொண்டார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றில் கிரகணம் ஏற்படுவதில்லை என்று மக்களுக்கு எடுத்துச் சொல்லி, தொழுகையின் பக்கமும் துஆவின் பக்கமும் அவர்களைத் திருப்பினார்கள். பிறப்புக்காகவும் இல்லை என்ற அந்தச் சொல்லை, கர்ப்பிணியை அறையில் பூட்டுகின்றவர்கள் எப்படித்தான் கடந்து போகிறார்களோ!

வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்தக் கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27ஆம் திகதிக்கு உரியது என்கிறார்கள். ஹிஜ்ரி பத்தாம் வருடம் ஷவ்வால் மாதக் கடைசி. இதில் ஒரு சுவையான விடயம் உண்டு. பழைய வரலாற்றாசிரியர் வாகிதி, இப்றாஹீம் வபாத்தானது பிறை பத்தில் என்று எழுதி வைத்தார். சூரிய கிரகணம் மாதக் கடைசியில் அல்லாமல் வராது, எனவே அது பிழை என்று இமாம் இப்னு தைமிய்யா மறுத்தார். சந்திரனின் ஓட்டத்தை அறிந்திருந்தது மார்க்க அறிஞருக்கும் உதவியது. வானியலாளர் அல்-பத்தானீ, சந்திரன் சிறிதாகத் தெரியும் காலத்தில் சூரியனை முழுதாக மூடாமல் வளையம் போல விட்டுவைக்கக் கூடும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே விளக்கினார். சந்திரன் நமக்குச் சில நேரம் 3,63,000 கிலோமீற்றர் வரை கிட்டவும், சில நேரம் 4,05,000 கிலோமீற்றர் வரை தூரவும் போவதே அதற்குக் காரணம்.

கிரகணத் தொழுகையில் பெண்களுக்கும் பங்கு இருந்தது. அஸ்மா (ரழி) அவர்கள் வந்து பார்த்தபோது மக்கள் நின்று தொழுது கொண்டிருந்தார்கள். ஆயிஷா (ரழி) அவர்களும் தொழுகையில் நின்றார்கள். என்ன விடயம் என்று கேட்க, ஆயிஷா நாயகி வானத்தின் பக்கம் சைகை காட்டினார்கள். அஸ்மாவும் சேர்ந்து, களைத்துப் போகும் அளவுக்கு நீண்ட நேரம் நின்றார்கள். இரண்டு றக்அத், ஒவ்வொரு றக்அத்திலும் இரண்டு ருகூஉ. நம் ஷாபிஈ மத்ஹபில் இது வலியுறுத்தப்பட்ட ஸுன்னத். பள்ளிக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே தொழலாம், கர்ப்பிணியும்தான்.

பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது, அது கண். சூரியன் பாதி மறைந்திருக்கும்போது வெளிச்சம் குறைந்து, கூச்சம் தெரியாமல் நெடுநேரம் பார்த்துவிடுவோம். மீதிக் கீற்றின் ஒளி விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும்போதுதான் விளங்கும். கரி பூசிய கண்ணாடி, எக்ஸ்றே படம், கூலிங் கிளாஸ், பேசினில் நிறைத்த தண்ணீர் எதுவும் பாதுகாப்பல்ல. பிள்ளைகளைத் தடுக்க வேண்டியது இதிலிருந்துதான். சந்திர கிரகணத்தை எவரும் எவ்வளவு நேரமும் பார்க்கலாம், அதில் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

இன்னொரு பழைய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1955 ஜூன் 20ஆம் திகதி இலங்கையின் மேல் முழுச் சூரிய கிரகணம் வந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் கருவிகளோடு வந்து, மேகத்தால் ஏமாந்து போனார்கள். கிரகண நேரத்தில் வசம்புக் கசாயம் குடித்தால் நிறம் வெளுக்கும் என்று நாட்டில் ஒரு கதை பரவி, குடித்த பெண்கள் வயிற்றுப் போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனதாக எங்கள் உம்மா சொல்லிச் சிரிப்பார். சிரிப்புத்தான், ஆனால் பாருங்கள், எந்தக் கிரகணம் வந்தாலும் மருந்தும் பழியும் பெண்ணின் தலையில்தான்.

2019 டிசம்பர் 26 காலை எங்கள் கிழக்குக் கரையில் இன்னொரு கவலையும் சேர்ந்திருந்தது. அது சுனாமியின் பதினைந்தாவது நினைவு நாள். 9.25க்கு இரண்டு நிமிட மௌனம் முடிந்து சற்று நேரத்தில் கிரகணம் உச்சத்துக்கு வரும் என்றார்கள். கடல் திரும்பவும் எழும்புமோ என்று எங்கள் ஒழுங்கையில் பல வீட்டில் பேச்சு. 2004இல் வந்தது சுமாத்ராக் கடலடியில் ஏற்பட்ட பூகம்பத்தால். அன்று வானில் இருந்தது அமாவாசையல்ல, பௌர்ணமி என்று எடுத்துச் சொன்னேன். கேட்டவர்களும் உண்டு, சாமான் கட்டியவர்களும் உண்டு.

அன்று காலை என் மகள் வழமைபோல் தேங்காய் துருவினாள், வெங்காயம் வெட்டினாள். எட்டு மணி கழிந்து கிரகணம் தொடங்க, மேகம் விலகி விலகி வெயில் வந்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலைப் பக்கத்தில் முழு வளையம். எங்கள் பக்கத்தில் சூரியன் ஒரு மெல்லிய பிறை. நான் குசினியிலிருந்த வடிதட்டைக் கொண்டு போய் முற்றத்தில் பிடித்தேன். அதன் ஒவ்வொரு துளையும் மணலில் ஒரு குட்டிப் பிறையைப் போட்டது. துளை வழியே விழும் கிரகண உருவத்தைப் பற்றி இப்னுல் ஹைதம் தனி நூலே எழுதியிருக்கிறார். மாமரத்து இலை இடுக்குகளாலும் நூறு நூறு பிறைகள் விழுந்து கிடந்தன.

தங்கையின் மகன், அந்த ஒன்பது வயதுக்காரன், குந்தியிருந்து அவற்றை எண்ணத் தொடங்கினான். எண்ணிக்கை பிசகப் பிசகத் திரும்பத் தொடங்கினான். பிறகு எழுந்து போய், அறைக்குள் இருந்த தாயின் கையைப் பிடித்து இழுத்து வந்தான். அவள் வாசற்படியில் நின்று மணலைப் பார்த்தாள், பிறகு மகனின் முகத்தைப் பார்த்தாள். பள்ளியில் கிரகணத் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. “தண்ணி எங்க ராத்தா வச்சிருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டு வுழூச் செய்யப் போனாள்.