மூன்றாம் படியில் நிறுத்தினேன்

கல்லூரியில் உளவியல் கற்பிப்பவன் நான். அறச் சிந்தனை படிப்படியாக உயர்கிறது என்னும் லாரன்ஸ் கோல்பெர்கின் அறநெறி வளர்ச்சிக் கோட்பாட்டைப் பல ஆண்டுகள் மனித குலம் முழுமைக்குமான அளவுகோலாகவே நடத்தினேன். அந்த அளவுகோலை வைத்து என் வகுப்பிலிருந்த மாணவிகளுக்கு மதிப்பெண்ணும் குறைத்தேன்.

கோல்பெர்க் 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, 10 முதல் 16 வயது வரையுள்ள பையன்களிடம் மட்டுமே செய்யப்பட்டது. ஒரு பெண்பிள்ளைகூட அதில் இல்லை. இது எனக்குத் தெரியும், பாடநூலிலேயே இருந்தது. கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய நூலில் இதை எதிர்த்து வாதிட்டதும் அதே பாடத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது. ‘இது பரீட்சைக்கு வராது’ என்று தாண்டிப் போனேன்.

கோல்பெர்கின் புகழ்பெற்ற கேள்வி இது: மனைவி புற்றுநோயில் சாகக் கிடக்கிறாள், மருந்து கண்டுபிடித்தவர் அநியாய விலை கேட்கிறார், கணவன் ஹைன்ஸ் அதைத் திருடலாமா? உயிர் காசைவிடப் பெரிது என்று தர்க்கம் செய்த மாணவர்களை மேல்படிகளில் வைத்தேன். ஒரு மாணவி வேறு மாதிரி எழுதியிருந்தார். திருடிவிட்டுச் சிறைக்குப் போனால் அவளை யார் பார்த்துக்கொள்வது, மருந்து கண்டுபிடித்தவரிடம் மறுபடி பேசிப் பார்க்கலாம், கடன் கேட்கலாம் என்று. ‘கேள்வியை விட்டு விலகுகிறது, மூன்றாம் படி’ என்று சிவப்பு மையில் எழுதினேன். மூன்றாம் படி என்பது பிறரிடம் நல்ல பெயர் எடுப்பதே அறம் என்று நினைக்கும் நிலை. அவர் எழுதியதில் அது எங்கே இருந்தது?

கில்லிகனின் நூலை முழுதாகப் படித்தபோது 11 வயது ஏமியைச் சந்தித்தேன். ஏறக்குறைய அதே பதில். பேட்டி கண்டவர் அவளுடைய பதில் பிடிபடாமல் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க, அவள் தன்னம்பிக்கை தளர்ந்து போகிறாள். என் வகுப்பிலும் அதுதான் நடந்தது.

படித்ததும் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். உடனே மறுகோடிக்குப் போனேன். பெண்கள் அக்கறையால் யோசிக்கிறார்கள், ஆண்கள் நீதியால் யோசிக்கிறார்கள் என்று கரும்பலகையில் இரண்டு பத்தி பிரித்து எழுதினேன். தான் சொல்லும் குரல் பெண்ணுக்கு மட்டுமே உரியதல்ல என்று கில்லிகனே முன்னுரையில் எச்சரித்திருந்தும், அதை நான் வகுப்பில் சொல்லவில்லை. 1984இல் லாரன்ஸ் வாக்கர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கோல்பெர்கின் அளவீட்டில் ஆண் பெண் வேறுபாடு பெரும்பாலும் தென்படவில்லை என்று காட்டியிருந்தார். அதையும் சொல்லவில்லை. வேறுபாட்டை மறைப்பது பீட்டா சார்பு, ஊதிப் பெருக்குவது ஆல்ஃபா சார்பு என்று ரேச்சல் ஹேர்-மஸ்டினும் ஜீன் மாரெசெக்கும் 1988இல் பெயரிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தவன் நான்.

கோல்பெர்கை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டேன் என்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். படிப்படியாக ஏறும் கோட்பாட்டை வைத்து விடைத்தாள் திருத்துவது சுலபம். அதைவிட, அதன் உச்சிப்படியில் இருந்தது எனக்குப் பழக்கமான வாதமுறை. அதில் நான் என்னையே உயர்த்தி வைத்துக்கொண்டேன், அது பிடித்தும் இருந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. நோயாளிகளைப் பராமரிக்கும் பெண்கள் அறச்சிக்கல்களில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய விரும்பி ஒரு முதுகலை மாணவி என்னிடம் வந்தார். ‘இது மகளிரியல் துறைக்குப் போக வேண்டிய தலைப்பு, உளவியல் அல்ல’ என்றேன். பையன்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வை உளவியல் என்று நடத்திக்கொண்டிருந்த வாயால்தான் அதைச் சொன்னேன். வழிகாட்டியாகக் கையெழுத்திட மறுத்தேன். அவர் தலைப்பை மாற்றிக்கொண்டார்.