மனப்பாடமா, வாசிப்பா?

மூன்றாம் வகுப்புச் சிறுவன் பாடத்தைக் கணீரென்று வாசித்தான். விரலும் வரியோடு ஓடியது. டீச்சர் எழுந்துபோய், அதே பாடத்தின் நான்கு சொற்களை இடம் மாற்றிக் கரும்பலகையில் எழுதினார். “இதைப் படி கண்ணு.” பையன் வாய் திறக்கவில்லை.

“பாடம் முழுக்க மனப்பாடம் சார். எழுத்து இன்னும் பிடிபடல. இப்பக் கண்டுபிடிக்கலன்னா அஞ்சாவது வரைக்கும் இப்படியே போயிடுவான்.”

செங்கம் பக்கத்து ஈராசிரியர் பள்ளி அது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்கு ஒரே அறை, ஒரே டீச்சர். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த இழப்பை ஈடுகட்ட 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப்படி பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருப்பதும் உண்டு. யாரும் அதைக் கேலி செய்ய டீச்சர் விடுவதில்லை.

அவர் ‘அ’வில் தொடங்குவதில்லை. ட, ப, ம என்று கோடு இழுத்தாலே வந்துவிடும் எழுத்துகள் முதலில். மேலே ஒரு புள்ளி வைக்கத் தெரிந்தால் படம், பட்டம், மட்டம் எல்லாம் கைக்கு வந்துவிடும். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருந்தால், ஒரு சொல்லைத் தானே வாசித்த சந்தோஷம் பிள்ளைக்கு எப்போது கிடைப்பது?

சிக்கல் கொம்பில் வருகிறது. ‘பெட்டி’யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு; வாயில் முதலில் வருவதோ ப். டீச்சர் கொம்பை விரலால் மறைத்து ‘ப’ என்று சொல்ல வைத்து, பிறகு விரலை எடுக்கிறார். ‘பொ’, ‘போ’ வரும்போது இரண்டு பக்கமும் மறைக்க வேண்டும். அதைவிடக் கடினம் உகர வரிசை. கு, டு, மு ஒரு விதம். சு, பு, வு வேறு விதம். து, நு, லு இன்னொரு விதம். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை போன்றவற்றை எளிதாக்கியது, உகரத்தைத் தொடவில்லை. அந்தச் சுமை இன்றும் ஆறு வயதுப் பிள்ளையின் தலையில்தான். டீச்சர் இவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்து, கூட்டம் கூட்டமாகவே எழுதப் பழக்குகிறார்.

சொல்வதெழுதுதலில் ஒரு சிறுமி ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மை படவில்லை. “எழுதினத வாசிச்சுக் காட்டு” என்றார். வாசித்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள், அவளே அழித்து எழுதினாள்.

இந்த வேலைக்கு ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் செயலிப் பதிவுகளும் பதிவேடுகளும் விழுங்குகின்றன. ஒன்றாம் வகுப்புதானே என்று புதிதாக வந்தவரிடம் அதைத் தள்ளும் வழக்கமும் தவறு. பள்ளியின் அனுபவம் மிக்க ஆசிரியருக்கு உரிய வகுப்பு அது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை வாசிக்கும்போது ஒரு சொல்லில் தடுக்கினால் சட்டென்று எடுத்துக் கொடுக்காதீர்கள். எந்த எழுத்தில் நிற்கிறது என்று கவனித்து, மறுநாள் டீச்சரிடம் சொல்லுங்கள்.