ஓரறிவுயிரும் ஆராய்ச்சிக் கருவியும்

உயிர்கள் எண்ணிறந்தன என்பதும், அவை தத்தம் வினைக்கீடாகப் புல் முதலிய நிலைத்திணை உடம்பும் விலங்கு முதலிய இயங்குதிணை உடம்பும் எடுத்துழலும் என்பதும் சைவ சித்தாந்தத் துணிபுகளாம். இத்துணிபுகளை இக்காலத்து ஆராய்ச்சியாளர் கண்ட உண்மைகளோடு ஒட்டிக் காட்டுதல் நம் மேடைகளில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. யானும் அங்ஙனங் காட்டியவருள் ஒருவன். அதன்கண் யான் செய்த பிழையொன்றனை என் மாணாக்கனே எனக்கு உணர்த்தினான். ஆகலின் நாணமும் மகிழ்ச்சியும் ஒருங்குடையேனாய் அதனை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

வேலூரில் லாங் பஜார் என்னும் கடைத்தெரு ஒன்று உளது. காய்கறிக் குவியலும், மூட்டை சுமப்பார் கூக்குரலும், பாத்திரக் கடைகளின் ஒலியும் அங்கே விடியுமுன்னரே தொடங்கிவிடும். ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும் திங்களுக்கு இருமுறை அங்குச் செல்வது என் வழக்கம். சென்ற மார்கழித் திங்களில் ஒருநாள் நாட்டு மருந்துக் கடையொன்றிற் கடுக்காய் வாங்கிக்கொண்டு நின்றேன். "ஐயா, என்னைத் தெரிகின்றதா?" என்று ஒருவர் வந்து வணங்கினார். முகம் நினைவிற்கு வந்தது, பெயரும் வந்தது, அவற்றோடு, முப்பதாண்டுகளாக யான் மறக்க முயன்ற ஒரு மாலைப் பொழுதும் உடன் வந்தது.

அப்பொழுது அவர் என் வகுப்பிற் பயின்ற சிறுவர். அவர் தந்தையார் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலையொன்றில், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்து மயிரும் ஊனும் போக வழிக்கும் வேலை செய்தவர். ஊரில் நிகழ்ந்த ஒரு சைவ விழாவில் யான் கொல்லாமையைப் பற்றிப் பேசினேன். "செடி கொடிகளும் அழும், துன்புறும் என்பதனைக் கல்கத்தாவிலிருந்த ஜகதீச சந்திர போஸ் கருவி கொண்டு மெய்ப்பித்துவிட்டார், நம் முன்னோர் என்றோ கூறியதனை அயல்நாட்டார் இன்றே அறிந்தனர்" என்று முழங்கினேன். அவையோர் கைதட்டினர். அத்துடன் அமையாது, தோலில் உண்டு வாழ்வாரைக் குறித்துக் கடுஞ்சொல்லுஞ் சில கூறினேன்.

கூட்டம் கலைந்தபின் அச்சிறுவர் என்பால் வந்து, "ஐயா, செடியும் அழும் என்றால், கத்தரிக்காய் அரிகின்றவர்க்கும் என் அப்பாவுக்கும் என்ன வேற்றுமை?" என்று வினவினார். வினா நேரியது. என்னிடத்து விடையில்லை. விடையில்லாதான் செய்வதனையே யானுஞ் செய்தேன்: "சிறு பிள்ளைக்கு வாதம் எதற்கு?" என்று சினந்து போக்கினேன். அவர் தலை குனிந்து சென்றதனை இன்றும் மறந்திலேன்.

அச்சிறுவரே இப்பொழுது ஒரு கல்லூரியில் நிலைத்திணை நூல் கற்பிக்கும் ஆசிரியர். இருவேமும் நடந்து கோட்டையை அடைந்து, ஜலகண்டேசுவரர் சந்நிதியில் வழிபட்டுப் புறத்தே புல்தரையில் அமர்ந்தோம். பழைய வினாவை யானே எடுத்தேன். அவர் நகைத்து, "ஐயா, அன்று தாங்கள் சொன்ன போஸ் அவர்களின் நூலினை அதன்பின் தேடிப் படித்தேன். செடிநூல் பயிலப் புகுந்ததே அதனால்தான். ஆனால், அந்நூல் தாங்கள் சொன்னதைச் சொல்லவில்லை" என்றார்.

அவர் கூறியதனைச் சுருக்கி வரைகின்றேன். 1858 ஆம் ஆண்டிற் பிறந்து 1937 ஆம் ஆண்டில் மறைந்த போஸ் முதலிற் பௌதிக நூலாசிரியர், மின்னலைகளை ஆராய்ந்தவர். அவ்வலைகளை ஏற்கும் உலோகக் கருவி ஓயாது உழைத்தால் சோர்வதனையும், சற்று ஓய்வு கொடுப்பின் மீண்டும் தெளிவதனையும் அவர் கண்டார். தவளையின் தசையும் இங்ஙனமே சோர்ந்து தெளிதலின், உலோகம், செடி, விலங்கு என்னும் மூன்றனையும் ஒரே வகையால் தூண்டி, அவற்றின்கண் எழும் மின்மாற்றத்தைக் கோடாக வரைந்து ஒப்புநோக்கினார். 1901 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம் நாள் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் கழகத்தில் அதனைப் பலரறியக் காட்டினார். தொட்டாற்சுருங்கி மட்டுமன்று, கறிக்காகும் காரட்டுக் கிழங்கும் தூண்டுதற்கு எதிர்வினை தந்தது. உடற்றொழில் நூல் வல்ல பர்டன் சாண்டர்சன் என்பார் அதனை ஒப்பவில்லை. இவரோ 1873 ஆம் ஆண்டிலேயே, பூச்சி பிடிக்கும் செடியொன்றில் மின்துடிப்பைக் கண்டவர். எனினும் விலங்கிற்குரிய சொல்லைப் பிற செடிகட்கெல்லாம் வழங்குதல் பொருந்தாதென்றார். போஸ் தளராது உழைத்தார்; செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை இயற்றினார்; 1917 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் கல்கத்தாவில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். தொட்டாற்சுருங்கியும், நம் சித்த மருத்துவர் தொழுகண்ணி எனப் போற்றுவதும், தானே சிற்றிலைகளை ஏற்றி இறக்குவதுமாகிய செடியும் அவர் ஆய்விற் பெரிதும் பயன்பட்டன.

"ஐயா, 1902 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் பெயர், 'உயிருள்ளவற்றிலும் உயிரில்லாதவற்றிலும் எதிர்வினை' என்னும் பொருளது. தகரமும் பிளாட்டினமும் செடியையும் தசையையும் போலவே கோடு வரைந்தன, சில மருந்துகளால் அவற்றின் எதிர்வினை மிகுந்தது, நஞ்சினால் அடங்கியது. அக்கோடே துன்பத்திற்குச் சான்றாகுமானால், லாங் பஜார்ப் பாத்திரக் கடையிலுள்ள தகரமும் அழுகின்றது என்று கொள்ள வேண்டும். சித்தாந்தம் அதனை ஒப்புமா?" என்றார்.

யான் வாய்வாளாது இருந்தேன். சித்து, சடம் என்னும் இரண்டனையும் வேறுபடுத்தி உணர்தலே நம் நூல்களின் முதற்படி. எந்தக் கருவிச் சான்றினைப் பற்றி யான் நிலைத்திணைக்கு உயிருண்டென மேடையில் முழங்கினேனோ, அதே சான்று சடத்திற்கும் உயிர் கற்பித்து எம் கொள்கையையே கவிழ்த்துவிடும் என்பதனை முப்பதாண்டு யான் எண்ணிற்றிலேன்.

அங்ஙனமாயின் செடிக்கும் விலங்கிற்கும் உடற்றொழிலில் ஒற்றுமை யாது, வேற்றுமை யாது என வினவினேன். இரண்டன் உடம்பும் உயிரணுக்களால் ஆயது. இரண்டிலும் உயிரணுவின் மெல்லிய தோலுக்கு உள்ளும் புறம்பும் உப்புக்களின் மின்னேற்றம் வேறுபடுகின்றது. தூண்டப்பட்டபோது அவ்வேறுபாடு நொடியில் மாறி மின்துடிப்பாக ஓடுகின்றது. விலங்கின் நரம்பில் சோடியம் உட்புகுவதால் துடிப்பு எழுகின்றது. செடியில் கால்சியம் உட்புகுதலும் குளோரைடு வெளியேறுதலும் அதற்கு ஏதுவாம். நரம்பிலே துடிப்பு நொடிக்கு 100 மீட்டர் வரையும் விரையும். தொட்டாற்சுருங்கியிலோ சில சென்டிமீட்டரே செல்லும். அத்துடிப்பு இலைக்காம்பின் அடியிலுள்ள பருத்த மூட்டினை அடைந்தவுடன், அங்குள்ள உயிரணுக்களினின்று பொட்டாசியம் முதலியன வெளியேற, அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகின்றது. நீரிழந்த உயிரணுக்கள் தளர, இலை சாய்கின்றது. நாணத்தாற் கூம்புவதாகப் புலவர் காணும் அச்செயல் நீர் இடம் பெயர்தலேயாம்.

இன்னும் ஒரு வியப்புக் கூறினார். 2018 ஆம் ஆண்டிலே டொயோட்டா, கில்ராய் முதலிய ஆராய்ச்சியாளர், கடுகின் இனத்துச் சிறு செடியொன்றின் இலையைப் புழு கடித்தபொழுது, கடிபட்ட இடத்தில் குளூட்டமேட்டு என்னும் பொருள் கசிய, அதனால் எழுந்த கால்சிய அலை சில நிமிடத்தில் பிற இலைகளையும் அடைந்து அவற்றைத் தற்காப்பிற்கு ஆயத்தப்படுத்தலைக் கண்டனர். அக்குளூட்டமேட்டே நம் மூளையிலும் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டு செல்வதாம். "ஆயினும் ஐயா, செடிக்கு நரம்புமில்லை; வந்த செய்திகளையெல்லாம் ஓரிடத்துத் தொகுக்கும் மூளையுமில்லை. செடி அறிந்து துன்புறுகின்றது என்பதனை எந்தக் கருவியும் இதுகாறும் காட்டவில்லை" என்று முடித்தார்.

பின்னர் என் கையிலிருந்த பொட்டலத்தைக் காட்டி, "ஒரு கடுக்காயைச் சுவைத்துப் பாருங்கள்" என்றார். சுவைத்தேன், நா வறண்டு இழுத்தது. "டானின் என்னும் துவர்ப்பொருள் எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டதால் வந்த வறட்சி அது. ஓடித் தப்ப இயலாத மரம், தன்னை மேயும் உயிர்களை விலக்குதற்கு உண்டாக்கிய பொருள்களுள் அதுவும் ஒன்று. என் அப்பா வழித்துக் கொடுத்த தோலை ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும் ஊறவைத்த காலத்தில், அதே டானின்தான் தோலிலுள்ள கொலாஜென் என்னும் புரதத்தைப் பற்றி அழுகாமற் காத்தது" என்றார். முறுக்கிய மூன்றிழையால் ஆயது அக்கொலாஜென் என்பதனை 1954 ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளிப்படுத்தினர் என்றும் கூறினார். இக்காலத்துச் சாலைகளிற் பெரும்பாலும் குரோமிய உப்பே வழங்குகின்றது. எனினும் யான் மருந்தென வாயிலிட்ட பொருளும், அவர் தந்தையார் கைபட்ட தோலை நிறுத்திய பொருளும் ஒன்றே என்று அறிந்தபொழுது, மேடையிலே யான் வகுத்த வேலி தகர்ந்தது.

வீடு வந்தபின் இரவு முழுதும் இதனையே எண்ணினேன். இளமையில் காவிரிக்கரைத் திருமடமொன்றிற் பாடங் கேட்டபொழுது, சிவஞான சித்தியார் அளவையினையே முதற்கண் வைத்து ஓதுவதன் காரணத்தை எம் ஆசிரியர் வற்புறுத்தினர். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஒரு பொருள் எதனாற் பெறப்பட்டது என்பதனை முதலில் தெளிக என்பதே அப்பாடம். கருவியின் கோடு காட்சி. அக்கோடு காட்டுவது உடம்பின் தொழிலை. அதனை நுகரும் உயிரை அன்று. பிறர் துன்பம் நமக்கு என்றும் கருதலளவையால் வருவதே. ஆடு வெட்டுண்ணுங்கால் அதன் கதறலும், நம்மையொத்த நரம்பும் மூளையும் கண்டு அதன் துன்பத்தை ஐயமறக் கருதுகின்றோம். செடியின்கண் அக்கருதலுக்கு ஏது மெலிது. ஆண்டு உயிருண்டு என்பது நமக்கு உரையளவையாற் போந்தது. தொல்காப்பியம் மரபியலில் புல்லும் மரமும் ஊற்றுணர்வு ஒன்றேயுடைய ஓரறிவுயிர் எனப்பட்டன. திருவாசகத்துச் சிவபுராணம் பிறவிகளை எண்ணுமிடத்துப் புல்லினின்றே தொடங்குகின்றது. அவ்வுரை நமக்குப் போதும். அதற்குக் கல்கத்தாவினின்று கைச்சாத்து வேண்டுவதில்லை.

ஆராய்ச்சி நமக்கு இயைபாகப் பேசும்பொழுது மட்டும் அதனைச் சான்றாகக் கொண்டு, இயையாதபொழுது தள்ளுதல் நடுவுநிலைமையன்று. நால்வகைத் தோற்றத்துள் வேர்வையிற் பிறப்பன என ஒன்று கூறப்படும். அழுகிய ஊனிற் புழு தானே தோன்றாது, ஈயிட்ட முட்டையினின்றே தோன்றும் என்று 1668 ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டு ரெடி என்பார் காட்டினார்; பேனும் அத்தகைத்தே. போஸ் பெருமகனாரை மேடையேற்றுவார் ரெடியையும் உடன் ஏற்றுதல் வேண்டும். அதற்கு நாம் ஒருப்படுகின்றோமா? உடம்பின் தொழில் பற்றி ஆராய்ச்சியாளர் கூறுவதனை ஆராய்ச்சியாகவே கற்போம்; உயிரின் இயல்பு பற்றி நம் ஆசிரியர் அருளியதனை அதற்குரிய அளவையால் நாட்டுவோம்.

இனி அச்சிறுவர் வினாவிற்கு விடை யாது? கத்தரிக்காய் அரிவதற்கும் ஆட்டினைக் கொல்வதற்கும் வேற்றுமை உண்டு. ஓரறிவிற்கும் ஐயறிவிற்கும் இடையுள்ள வேற்றுமையே அது; ஐயறிவுயிரின் துன்பம் நம் கருதலுக்கு எட்டியும் அதனைச் செய்தல் அருளின்மையாம். ஆயினும் அரிவது குற்றமேயில்லை எனத் தருக்குதற்கு இடமில்லை. உடம்பெடுத்த யாம் ஓரறிவுயிரின் கொடையாலேயே வாழ்கின்றோம். மற்று, அவர் தந்தையார் கொன்றாரல்லர். கொன்றபின் வந்த தோலை நாற்றத்தினும் சுண்ணாம்பினும் நின்று வழித்து, தம் மகனைக் கற்பித்தவர். சந்நிதியில் தேவாரத்தோடு இயையும் மத்தளம் யாருடைய தோல்? அதனை உரித்தும் வழித்தும் வார்பிடித்தும் தந்த கைகள் யாருடையன? அவ்வொலி கேட்டுக் கண்ணீர் வார நின்ற யான், அக்கைகளை மேடையில் இகழ்ந்தேன். போஸைத் தவறாகக் காட்டியது அறிவுப் பிழை. இஃதோ அன்புப் பிழை. முன்னதினும் பின்னதே பெரிது.

தைத்திங்களில் ஆம்பூர்ப் பக்கத்து அவர் இல்லத்திற்குச் சென்றேன். தந்தையார் முதுமையுற்றுத் திண்ணையில் இருந்தார். சுண்ணாம்பு தின்ற விரல்கள் இன்னும் வெடித்தே இருந்தன. யான் வந்த காரணத்தைக் கூறினேன். அவர்க்கு அப்பேச்சு நடந்ததே தெரியாது. மகன் அன்று வீட்டிற் சொல்லவேயில்லை. "பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், அது போதும் ஐயா" என்று மட்டும் கூறி, எனக்கு மோர் கொடுத்தார்.

செடிகள் அழுவதனைப் போஸ் மெய்ப்பித்தார் என யான் மேடைகளிற் பேசியதனை இதனால் மீட்டுக்கொள்கின்றேன். அப்பேச்சினைக் கேட்டுப் பிறர்க்குரைத்த அன்பர் எவரேனும் இருப்பின், இத்திருத்தத்தையும் அவர்க்கு உரைப்பாராக.

திருச்சிற்றம்பலம்.