நடுவில் நிற்கக் கற்றல்

விளையாட்டுத் திடலில் இறங்குவோருள் வெற்றியை நாடி வராதவர் ஒருவர் உண்டு. அவர் மட்டை பிடிப்பதில்லை, பந்து எறிவதில்லை. வென்ற அணியின் மகிழ்ச்சியிலும் தோற்ற அணியின் துயரத்திலும் அவருக்குப் பங்கில்லை. ஆயினும் அவர் இல்லாமல் ஆட்டம் தொடங்குவதே இல்லை. தமிழில் அவரை நடுவர் என்கிறோம். நடு என்னும் சொல் நிற்கும் இடத்தையும் குறிக்கும். ஒருபக்கம் சாயாத மனத்தையும் குறிக்கும். நடுவுநிலைமைக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு.

நடுநிலை என்பது ஒருவரின் இயல்பான குணம் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. நேர்மையுள்ள எவரும் நல்ல நடுவராகிவிடலாம் என்று தோன்றக்கூடும். ஆனால், நேர்மையாகத் தீர்ப்பளிக்க விரும்புவது வேறு. தீர்ப்பளிக்க வேண்டிய கணத்தில் உண்மையைக் கண்ணால் பிடிப்பது வேறு. முன்னது மனத்தைச் சார்ந்தது. பின்னது பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. அமெரிக்க நாட்டின் பேஸ்பால் நடுவர்களுடைய வாழ்க்கை இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

பந்துக்கும் கண்ணுக்கும் இடையே

பேஸ்பால் ஆட்டத்தில் பந்து எறிபவர் நிற்கும் இடத்துக்கும் மட்டையாளர் நிற்கும் தளத்துக்கும் இடையே உள்ள தொலைவு 60 அடி 6 அங்குலம். அத்தளத்தில் ஐங்கோண வடிவில் வெண்ணிறத் தட்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதன் அகலம் 17 அங்குலம். மட்டையாளரின் மார்புக்கும் முழங்காலுக்கும் இடையே, அந்தத் தட்டின் அகல அளவுக்கு, கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்று காற்றில் நிற்பதாகக் கொள்ள வேண்டும். மட்டையாளர் அடிக்காமல் விட்ட பந்து அந்தப் பெட்டியைத் தொட்டுச் சென்றால் ‘ஸ்டிரைக்’. தொடாமல் சென்றால் ‘பால்’. மூன்று ஸ்டிரைக்குகள் ஆனால் மட்டையாளர் ஆட்டமிழப்பார். நான்கு ‘பால்’கள் ஆனால் அடிக்காமலேயே முதல் தளத்துக்குச் செல்லும் உரிமை பெறுவார்.

மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தொலைவைக் கடக்க அரை நொடிகூட ஆவதில்லை. அதுவும் நேராக வருவதில்லை. தட்டை நெருங்கும்போது கீழே இறங்கும், பக்கவாட்டில் வளையும். ஓர் ஆட்டத்தில் இரு அணியினரும் சேர்ந்து 250க்கும் மேற்பட்ட பந்துகளை எறிகின்றனர். மட்டையாளர் அடிக்க முயலாத ஒவ்வொரு பந்துக்கும் தட்டின் பின்னால் குனிந்து நிற்கும் நடுவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மட்டையாளரின் உயரமும் வேறு என்பதால், காற்றில் நிற்கும் அந்தப் பெட்டியும் ஆளுக்கு ஆள் உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும். மூன்று மணி நேரம் இவ்வேலையைச் செய்பவருக்கு ஒரு கணம் கவனம் சிதறினாலும் அது அரங்கம் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

உடல் கற்கும் பாடம்

பேஸ்பால் நடுவராக விரும்புவோர்க்கெனத் தனிப் பயிற்சிப் பள்ளிகளும் முகாம்களும் அமெரிக்காவில் உள்ளன. அங்கே சேர்பவர் விதிநூலை வரிவரியாகப் படிக்கிறார். ஆனால், முதல் நாள்களில் அவருக்குக் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் நிற்பதும் நடப்பதும் கையசைப்பதுமே ஆகும். முகக்கவசத்தை இடக்கையால் கழற்ற வேண்டும். தொப்பி நழுவக் கூடாது. ஏனெனில், வலக்கை சைகை காட்டுவதற்குரியது. பந்துகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் சிறு கருவியும் இடக்கையிலேயே இருக்கும். பார்ப்பதற்கு எளிய இச்செயல்களை நூற்றுக்கணக்கான முறை செய்து பழகிய பிறகே, அவற்றைப் பற்றி எண்ணாமல் ஆட்டத்தை மட்டும் எண்ண முடிகிறது.

அடுத்தது பார்க்கும் முறை. பந்து எறிபவரின் கையை விட்டுப் புறப்பட்டது முதல் பிடிப்பவரின் கையுறையை அடையும்வரை தலை அசையக் கூடாது. கண்கள் மட்டுமே பந்தைத் தொடர வேண்டும். தலை அசைந்தால் காட்சியும் அசையும். மட்டையாளருக்கும் பிடிப்பவருக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் தலையை நிறுத்தினால்தான் தட்டு முழுவதும் தெரியும்.

முதல் தளத்தில் தீர்ப்பளிப்பவருக்கு வேறொரு பாடம். ஓடிவரும் மட்டையாளரின் கால் தளத்தைத் தொடுவதையும், பந்து எதிரணி வீரரின் கையுறைக்குள் விழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஆகவே, நடுவர் கண்ணைக் காலின்மீது வைத்து, பந்து கையுறையில் விழும் ஓசையைச் செவியால் கேட்கிறார். ஓசை முந்தினால் அவுட். கால் முந்தினால் தப்பித்தார். கண்ணும் செவியும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் இம்முறை, கற்காதவர்க்குத் தானாக வருவதில்லை.

யாவற்றினும் கடினமான பாடம் பொறுத்தல். புதியவர்கள் பெரும்பாலும் முந்திக்கொள்கின்றனர். பந்து அருகில் வரும்போதே தீர்ப்பு வாயில் வந்துவிடுகிறது. பந்து கையுறைக்குள் நின்றதா, நழுவியதா என்று பார்ப்பதற்குள் கை உயர்ந்துவிடுகிறது. நிகழ்ந்தது முழுவதும் முடியட்டும், கண்டதை மனம் ஒருமுறை மீளக் காணட்டும், அதன் பின்னர் கை உயரட்டும் என்பதே பயிற்றுநர்கள் ஓயாமல் வற்புறுத்துவது. அந்தத் தாமதம் ஒரு நொடிக்கும் குறைவானது. ஆயினும், அவசரக்காரரையும் நடுவரையும் பிரிப்பது அதுவே.

இம்மரபுக்குப் பில் கிளெம் முன்னோடியாகக் கருதப்படுகிறார். 1905 முதல் 1941 வரை மேஜர் லீக்கில் தீர்ப்பளித்த அவர், 18 உலகத் தொடர்களில் நடுவராக இருந்தார். தம்மிடம் வாதிட வரும் வீரர்களுக்கு முன்னால் காலணி முனையால் மண்ணில் ஒரு கோடு கிழிப்பது அவர் வழக்கம். அதைத் தாண்டுபவர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவார். உரத்த குரலால் அன்றி ஒரு கோட்டினால் அவர் ஒழுங்கைக் காத்தார். 1953ஆம் ஆண்டு பேஸ்பாலின் புகழரங்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட நடுவர் இருவருள் அவர் ஒருவர்.

சொந்தத் திடல் இல்லாதவர்

பயிற்சி முடித்தவர் நேராகப் பெரிய அரங்குகளுக்குச் செல்வதில்லை. மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை ஆட்டங்களில் படிப்படியாக ஏற வேண்டும். தொடக்கநிலை, ‘ஏ’ நிலைகள், ‘இரட்டை ஏ’, ‘மூன்று ஏ’ என அப்படிகள் அமைந்துள்ளன. கீழ்ப்படிகளில் ஓர் ஆட்டத்துக்கு நடுவர் இருவரே. ஒருவர் தட்டின் பின்னால் நிற்பார். மற்றவர் மூன்று தளங்களையும் பார்த்துக்கொள்வார். பந்து தொலைவில் அடிக்கப்பட்டால் தட்டின் பின்னால் நிற்பவரும் கனத்த காப்புகளுடன் அடுத்த தளத்துக்கு ஓட வேண்டும். உடன் நிற்பவர் எங்கே செல்வார் என்பதைச் சொல்லாமலே அறிந்திருக்க வேண்டும்.

வீரர்களுக்குச் சொந்த ஊர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் என்று இரண்டு உண்டு. நடுவருக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டமே. பருவம் முழுவதும் ஊர்விட்டு ஊர் பயணம், விடுதி அறை, குறைந்த ஊதியம், பெயர் சொல்லிப் பாராட்ட ஒருவரும் இல்லாத மாலைகள். மேற்பார்வையாளர்கள் வந்து ஆட்டத்தைக் கண்டு மதிப்பீடு எழுதுகின்றனர். தேறியவர் மேலே செல்கிறார், தேறாதவர் விடுவிக்கப்படுகிறார். மேஜர் லீக்கில் 30 அணிகள் இருந்தும், அங்குள்ள முழுநேர நடுவர்கள் 76 பேர் மட்டுமே. ஒருவர் ஓய்வு பெற்றால்தான் மற்றவருக்கு இடம். ஆகவே, திறமை மட்டும் போதாது; காத்திருக்கும் வலிமையும் வேண்டும்.

திறக்கத் தாமதித்த கதவுகள்

காத்திருப்பு எல்லார்க்கும் ஒரே அளவில் அமையவில்லை. எம்மெட் ஆஷ்போர்டு அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் நடுவராகப் பழகியவர். 1951ஆம் ஆண்டு மைனர் லீக்கில் தீர்ப்பளிக்கும் முதல் கறுப்பின நடுவரானார். அதற்காக அஞ்சல் பணியைத் துறந்தார். மேஜர் லீக்கில் கறுப்பின வீரராக ஜாக்கி ராபின்சன் 1947இலேயே இறங்கிவிட்டார். ஆனால், கறுப்பினத்தவர் ஒருவர் ஆடுவதை ஏற்றுக்கொண்ட உலகம், அவர் தீர்ப்பளிப்பதை ஏற்க மேலும் 19 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1966 ஏப்ரல் 11 அன்று வாஷிங்டன் நகரில் ஆஷ்போர்டு மேஜர் லீக் நடுவராகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 51. ஐந்தே பருவங்கள் அங்கே பணியாற்றி, 1970ஆம் ஆண்டின் உலகத் தொடரோடு ஓய்வு பெற்றார்.

பெண்களுக்கு அக்கதவு இன்னும் நெடுங்காலம் மூடியிருந்தது. பெர்னீஸ் கெரா என்பவர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்காடி, 1972ஆம் ஆண்டு மைனர் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு நடுவராக நின்றார்; அவ்வோர் ஆட்டத்துடன் விலகியும் விட்டார். பாம் போஸ்டெமா 1977 முதல் 13 பருவங்கள் உழைத்து ‘மூன்று ஏ’ நிலைவரை உயர்ந்தார். மேலே ஒரே படிதான் மீதம் இருந்தது. 1989ஆம் ஆண்டுக்குப் பின் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

அந்த ஒரு படியைக் கடக்க மேலும் 36 ஆண்டுகள் ஆயின. ஓவிய ஆசிரியராகப் பணியாற்றியவரும் சாஃப்ட்பால் ஆட்டங்களில் நடுவராக இருந்தவருமான ஜென் பாவல், 2016ஆம் ஆண்டு மைனர் லீக்கின் தொடக்கநிலையில் சேர்ந்தார். 1,000க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தீர்ப்பளித்த பின், 2025 ஆகஸ்ட் 9 அன்று அட்லாண்டா நகரில் மேஜர் லீக்கின் முதல் பெண் நடுவராகக் களமிறங்கினார். மறுநாளே தட்டின் பின்னால் நின்று பந்துகளுக்குத் தீர்ப்பளித்தார். அப்போது அவருக்கு வயது 48. ஆட்டத்தின் நடுநிலையைக் காப்பவர்களைத் தேர்ந்தெடுப்பதில் ஆட்டத்தின் உலகம் நடுநிலை தவறியிருந்தது என்பதை இம்மூன்று பெண்களின் கதை உணர்த்துகிறது.

பிழைக்குப் பின்னும் நிற்றல்

இத்தனை பயிற்சியும் பிழையை முற்றிலும் நீக்கிவிடுமா? 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் நகரில் அர்மாண்டோ கலராகா என்னும் வீரர் பந்து எறிந்துகொண்டிருந்தார். எதிரணியின் 26 மட்டையாளர்களுள் ஒருவரையும் அவர் தளம் ஏறவிடவில்லை. இருபத்தேழாமவரும் வீழ்ந்தால் அது ‘முழுநிறை ஆட்டம்’. மேஜர் லீக் வரலாற்றில் அதற்குமுன் 20 முறை மட்டுமே நிகழ்ந்த அருஞ்செயல் அது. இருபத்தேழாமவர் முதல் தளத்துக்கு ஓடினார், பந்தும் வந்தது. 20 ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் கொண்ட நடுவர் ஜிம் ஜாய்ஸ், ஓடியவர் தப்பித்தார் என்று கைகளை விரித்தார். அத்தீர்ப்பு தவறானது. அன்றைய விதிப்படி அதைக் காணொளி கொண்டு திருத்தவும் வழியில்லை.

ஆட்டம் முடிந்து பதிவைக் கண்ட ஜாய்ஸ் சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. தம் தீர்ப்பு தவறு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு கலராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டும் அவர் ஏற்கவில்லை. தட்டின் பின்னால் நிற்க வந்தார். ஆட்டத்துக்குமுன் அணிப்பட்டியலை நடுவரிடம் ஒப்படைக்கக் கலராகாவே வந்தார். ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார். சில நாள்களுக்குப் பின் வீரர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, மேஜர் லீக்கின் சிறந்த நடுவர் என அவர்களுள் மிகப் பலர் சுட்டியது ஜிம் ஜாய்ஸைத்தான். நம்பிக்கை என்பது பிழையே செய்யாமையால் மட்டும் வருவதன்று என்பதை வீரர்கள் அறிந்திருந்தனர்.

2014ஆம் ஆண்டு முதல் பல தீர்ப்புகளைக் காணொளியால் மறுஆய்வு செய்யும் முறை விரிவாக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கென மற்றொரு முறையும் ஏற்கப்பட்டது. அதன்படி, ஸ்டிரைக்கா அன்றா என்னும் தீர்ப்பை எதிர்த்து எறிபவர், பிடிப்பவர், மட்டையாளர் ஆகிய மூவருள் ஒருவர் முறையிடலாம். கருவி அளந்து விடை கூறும். ஓர் அணி இருமுறை முறையிடலாம். முறையீடு வென்றால் அவ்வாய்ப்பு குறைவதில்லை. அரங்கில் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, தம் தீர்ப்பு மாற்றப்படுவதை நடுவர் அமைதியாக அறிவிக்க வேண்டியுள்ளது. அடுத்த பந்து சில நொடிகளில் வந்துவிடும். முந்தைய பந்தின் வருத்தத்தோடு அதைப் பார்த்தால் அதுவும் தவறிப்போகும். எனவே, பார்க்கவும் பொறுக்கவும் கற்றவர், திருத்தப்படவும் கற்றுக்கொள்ள வேண்டியவராகிறார்.

தட்டின்மேல் புழுதி படிந்தால் நடுவர் சிறு தூரிகையை எடுத்துக் குனிந்து அதைத் துடைக்கிறார். ஓர் ஆட்டத்தில் பலமுறை செய்யப்படும் இச்சிறு வேலைக்கு எவரும் கைதட்டுவதில்லை. ஆயினும், கோடு தெளிவாகத் தெரிந்தால்தான் எறிபவருக்கும் அடிப்பவருக்கும் நீதி கிடைக்கும். நடுநிலை என்னும் பண்பும் அவ்வாறே நாள்தோறும் துடைத்துப் பேணப்பட வேண்டியதாகும். அது ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் பட்டம் அன்று.