மூடப்படுவது வானமன்று

அரசாங்கமும் கடையைப் போலக் கதவடைக்கும் என்பதை எங்கள் மாணவர்கள் நம்ப மறுத்தனர். 2025 அக்டோபரில் அமெரிக்க அரசு மூடப்பட்ட செய்தி வந்தபோது, “அப்படியானால் அங்கே ஆட்சி கவிழ்ந்துவிட்டதா, ஐயா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் வரவு-செலவுத் திட்டம் உரிய நாளில் நிறைவேறாவிட்டால், இடைக்காலச் செலவுக்கு முன்பணம் ஒதுக்க அரசியல் சட்டத்தின் 116ஆம் பிரிவு வழிவிடுகிறது. மக்களவையில் நிதி மசோதா தோற்றால் அமைச்சரவை விலகும், அலுவலகம் மூடாது.

அமெரிக்காவிலோ 1884ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கத் தடை விதிக்கிறது. 1980இல் அந்நாட்டுத் தலைமை வழக்கறிஞர் அதற்குக் கண்டிப்பான பொருள் உரைத்தபின், நிதி கிடைக்காத துறைகள் மூடப்படுவது வழக்கமாயிற்று. உயிரையும் உடைமையையும் காக்கும் பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. விலக்கு என்றால் சம்பளம் உண்டு என்று பொருளன்று. சம்பளமின்றி வேலைக்கு வந்தாக வேண்டும் என்று பொருள்.

விமான நிலையங்கள் இயங்குவது அந்த விலக்கின் தயவால்தான். 2025இல் 43 நாட்கள், ஏறத்தாழ 13,000 வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களும் 50,000 பாதுகாப்புச் சோதனை ஊழியர்களும் அவ்வாறு உழைத்தனர். நிலுவை பின்னால் வரும். வீட்டு வாடகை பின்னால் வராது. பலர் வேறு வேலை தேடினர், பலர் விடுப்பெடுத்தனர். ஆள் குறையவே, நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் உள்நாட்டு விமானங்களை 4 விழுக்காட்டில் தொடங்கிக் குறைக்க அரசே ஆணையிட்டது. 2019 ஜனவரி 25 அன்று நியூயார்க்கின் லகார்டியா நிலையத்துக்கு வரும் விமானங்கள் ஆள் பற்றாக்குறையால் சிறிது நேரம் நிறுத்தப்பட்டன. 35 நாள் மூடலுக்கு முடிவு அறிவிக்கப்பட்டதும் அன்றே. எத்தனையோ அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தபோது அசையாத அரசியல், விமானம் நின்றதும் அசைந்தது.

எங்கள் அக்கா மகள் அந்த நவம்பரில் ஊருக்குப் புறப்பட்டாள். வெளிநாட்டு விமானம் இருந்தது. அதைப் பிடிக்கப் போகவேண்டிய உள்நாட்டு விமானம் ரத்தாயிற்று. மறுநாள் வேறொன்றில் இடம் கிடைத்தது. “என் பெட்டியைச் சோதித்தவர் சம்பளம் வாங்கி ஒரு மாதமாகிறது, மாமா. நல்லபடியாகப் போய் வாருங்கள் என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை” என்று சொன்னாள்.

இராயக்கோட்டையில் இருந்துகொண்டு இதை வேற்று நாட்டுக் கதை என்று ஒதுக்க எங்களால் ஆகாது. எங்களுக்கு விமான நிலையம் என்றால், 2008 மே மாதம் திறக்கப்பட்ட தேவனஹள்ளிதான். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சென்னையோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆனால் தேவனஹள்ளி இருப்பது வேறு மாநிலத்தில். இங்கே அரசாங்கம் மூடுவதில்லை, விமான நிலையமும் மூடுவதில்லை. ஓசூரைத் தாண்டியதும் சாலை மூடிக்கொள்கிறது.

2016 செப்டம்பர் 12 அன்று, காவிரி நீர் குறித்த உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையோடு நின்றன. இதே அக்கா மகள் முதன்முறையாக அமெரிக்கா புறப்பட்டது அந்த வாரக் கடைசியில். ஜூஜூவாடியில் இறங்கி, ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளி வரை நடந்தோம். முன்னும் பின்னும் கைக்குழந்தைகளோடும் மூட்டைகளோடும் மனிதர்கள். அங்கிருந்து ஏற்றிச் சென்ற கர்நாடக ஆட்டோக்காரர் எங்களோடு தெலுங்கில் பேசினார். தமிழும் கன்னடமும் அச்சம் தந்த அன்று, இந்த எல்லைப் பகுதியின் மூன்றாம் மொழி எல்லோருக்கும் நிழலாயிற்று. விமானம் குறித்த நேரத்தில் கிளம்பியது. வானத்துக்கும் இந்தச் சண்டைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இரண்டு மூடல்களுக்கும் காரணங்கள் வேறு, கணக்கு ஒன்றே. சண்டையிடுவோர் வேறிடத்தில் இருக்க, சுமை அதில் பங்கே இல்லாதவர் தோளில் ஏறுகிறது. அங்கே கூலியில்லாமல் பெட்டியைத் திறந்து பார்ப்பவர். இங்கே வண்டியில்லாமல் பெட்டியைச் சுமப்பவர்.

ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தபோது எங்கள் ஊர் மகிழ்ந்தது. பெங்களூர் நிலையத்தின் ஒப்பந்தமோ, 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் இன்னொரு பன்னாட்டு நிலையத்துக்கு இடந்தராதது. அந்தத் தடை ஒருநாள் நீங்கலாம், நிலையமும் எழலாம். ஓசூரிலிருந்து ஆனேக்கல்லும் எலெக்ட்ரானிக் சிட்டியும் வெகுதூரமில்லை; அவ்வூர்க்காரர்களுக்கும் அதுவே அருகிலுள்ள நிலையமாகும். அடுத்த காவிரித் தகராறில் எல்லையைக் கடந்து பெட்டி சுமந்து நடப்பவர்கள் அவர்களாக இருப்பார்கள். ஓடுபாதையை எந்தப் பக்கம் இடுவது என்பதைவிட, அன்றைக்கு அவர்களை நடக்கவிடாமல் சாலையைத் திறந்து வைப்போமா என்பதே எங்களுக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.