சந்தக்பூ மலையேறும் முதிய வண்டிகள்



மதரஸா ஆசிரியர் ஒருவருக்கும் மோட்டார் எஞ்சினுக்கும் என்ன தொடர்பு என்று தாங்கள் வியக்கக்கூடும். அத்தொடர்பு என் மனைவியின் வளையல்கள் வழியாக வந்தது.

என் மைத்துனர் போடிநாயக்கனூரில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் சுமையையும் ஏற்றிச் செல்லும் பழைய ஜீப் ஒன்றும் அவருக்கு உண்டு. அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, டர்போ பூட்டிய பெரிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அதற்கான தொகையில் ஒரு பகுதி, அவருடைய தமக்கையின் நான்கு வளையல்கள். அவள் கொடுக்க இசைந்துவிட்டாள். எனக்குத்தான் மனம் இசையவில்லை. ஆனால் கலைப் பட்டதாரியாகிய நான் எந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பது?

"மச்சான், டார்ஜிலிங் பக்கம் எழுபது வருஷத்து லேண்ட்ரோவர்ல வேற எஞ்சினைப் பூட்டி ஓட்டுறாங்களாம். நேர்ல பாத்துட்டு வந்து முடிவு பண்ணுவோம், நீங்களும் வாங்க" என்று அவரே ஒரு வழி சொன்னார். 2018 நவம்பரில் இருவரும் புறப்பட்டோம்.

நியூ ஜல்பைகுரி வரை ரயில். அங்கிருந்து டார்ஜிலிங். டார்ஜிலிங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணத்தில் மானேபஞ்சாங் என்ற சிறு கடைத்தெரு. தெருவின் ஒரு பக்கம் இந்தியா, மறு பக்கம் நேபாளம். தேநீர் இங்கே, பிஸ்கட் அங்கே என்று வாங்கலாம்! சந்தக்பூ சிகரத்துக்குச் செல்லும் பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. தொலைவு ஏறத்தாழ 31 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 31 கிலோமீட்டருக்குள் சுமார் 2,000 மீட்டர் உயரத்திலிருந்து 3,636 மீட்டருக்கு ஏறியாக வேண்டும்.

கடைத்தெருவின் ஓரத்தில் அந்த வண்டிகள் வரிசையாக நின்றன. லேண்ட்ரோவரின் முதல் தலைமுறை வண்டிகள் அவை. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக இவ்வகை வண்டியை வெளியிட்டது. போருக்குப் பிந்தைய காலத்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடே பின்னாளில் நன்மையாயிற்று. பனியும் மழையும் ஓயாத இம்மலையில் அத்தகடுகள் துருப்பிடித்து உதிரவில்லை. தேயிலைத் தோட்டத் துரைமார்களிடமிருந்து வந்து சேர்ந்த வண்டிகள் என்று ஓட்டுநர்கள் கூறுகின்றனர். இவற்றில் பலவற்றின் பழைய பெட்ரோல் எஞ்சின் போய், மஹிந்திரா ஜீப்பின் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது.

எங்களுக்கு வாய்த்த ஓட்டுநர் ஐம்பது வயதைக் கடந்த நேபாளி. மதரஸாவில் கற்ற உருது இங்கே எனக்குக் கைகொடுத்தது. பஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். சித்ரே, மேக்மா, தும்லிங் வரை ஓரளவு நல்ல வழி. சிமெண்ட் பூசிய பகுதிகளும் உண்டு. அதற்கப்பால், வாசகர்களே, அன்று அதைச் சாலை என்றழைத்திருந்தால் சாலைகளுக்கு இழுக்கு! தலையளவுக் கற்களைப் பரப்பி வைத்த படிக்கட்டு எனலாம். வண்டி நடந்து செல்லும் மனிதனின் வேகத்தில் ஏறியது. என் எலும்புகள் ஒவ்வொன்றும் தத்தம் இருப்பிடத்தை எனக்கு அறிவித்தன.

வழி நெடுகிலும் மைத்துனர் ஓட்டுநரைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார். மொழிபெயர்ப்பு என் வேலை. பழைய பெட்ரோல் எஞ்சினை ஏன் மாற்றினீர்கள்? உதிரி கிடைக்காது, அதுவே முதற்காரணம். மேலும், பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். மேகம் புகுந்து ஈரம் படிந்தால் பொறி தடைப்படும். டீசலுக்கு அத்தொல்லை இல்லை. மஹிந்திரா எஞ்சினின் உறுப்புகளோ சிலிகுரியிலேயே கிடைத்துவிடும். "பெரிய எஞ்சின் என்பதற்காக எடுக்கவில்லை, கையில் அகப்படும் எஞ்சின் என்பதற்காகவே எடுத்தோம்" என்றார் அவர்.

மாற்றுவதும் எளிதன்று. இரு வேறு நிறுவனங்களின் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தா. இடையில் கனத்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைசல் பிடித்து வைக்க வேண்டும். எஞ்சினின் தண்டும் கியர் பெட்டியின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் கிளட்சும் பேரிங்கும் விரைவில் தேய்ந்துவிடும். டீசல் எஞ்சின் கனமானது. முன்பக்கத்து வில்லில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அது பெட்ரோல் எஞ்சினைப் போல் வேகமாகச் சுழலாது. எனவே சமவெளியில் வண்டி மந்தமாகவே ஓடும். இங்கே சமவெளி ஏது?

மைத்துனர் விடவில்லை. "மேலே போகப் போகக் காத்து குறையுது. டர்போ இருந்தா மூச்சு வாங்காதே?" என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. சந்தக்பூ உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எஞ்சினின் வலிமையும் அந்த அளவுக்குக் குன்றும். டர்போ அந்த மெல்லிய காற்றை அழுத்தித் தந்து இழப்பை ஈடு செய்யும். ஓட்டுநர் இதற்கு மறுமொழி கூறாமல் சிரித்தார். மறுமொழி சற்று நேரத்தில் தானே வந்தது.

காளிபோக்ரி என்னும் கரிய குளத்துக்குச் சற்றுக் கீழே, செங்குத்தான வளைவில், பின்சக்கரம் ஒரு கல்லில் சிக்கிச் சுழன்று மீண்டும் பிடித்தது. அந்தக் கணத்தில் காலடியில் "டக்" என்றோர் ஓசை. வண்டி பின்னோக்கி நழுவியது. என் பக்கம் பள்ளம். அடியில் மூங்கில் புதர்களும் மூடுபனியும் மட்டுமே தெரிந்தன. கலிமாவை உரக்கச் சொல்லிவிட்டேன் போலும். மைத்துனர் பின்னர் சொல்லித்தான் தெரியும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்து நிறுத்தி, "இறங்கிக் கல் வையுங்கள்" என்றார். நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்த பிறகே அவர் காலை எடுத்தார். காரணத்தைப் பிறகு விளக்கினார். இவ்வண்டியின் கைப்பிரேக் சக்கரங்களை நேரே பிடிப்பதன்று. கியர் பெட்டிக்குப் பின்னே சுழலும் தண்டைப் பிடிப்பது. சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் தண்டு முறிந்துவிட்டால், பின்சக்கரங்களின் மேல் அதற்குப் பிடி கிடையாது.

முறிந்திருந்தது அந்த ஆக்ஸில் தண்டுதான். ஓட்டுநர் சற்றும் பதறவில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள போல்ட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை எடுக்காமலே முறிந்த தண்டை வெளியே உருவினார். உள்ளே தங்கிவிட்ட துண்டை, மறுபக்கத்துத் தண்டையும் உருவிவிட்டு நீண்ட கம்பியால் தள்ளி எடுத்தார். இருக்கைக்குக் கீழிருந்து சாக்கில் சுற்றிய வேறொரு தண்டு வந்தது. நாங்கள் வழிப்போக்கர் ஒருவர் தந்த தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. மாற்றுத் தண்டு இல்லாதிருந்தால்? முன்சக்கரங்களின் விசையை மட்டும் கொண்டு மெல்ல இறங்கியிருக்கலாம், ஏறியிருக்க முடியாது.

அன்றிரவு காளிபோக்ரியில் அடுப்பங்கரையில் அமர்ந்து, அவர் ஒரு கணக்குச் சொன்னார். மலை ஏறும்போது, துணைக் கியர் பெட்டியைத் தாழ்நிலையில் வைத்து முதல் கியரைப் போட்டால், எஞ்சின் சுமார் 40 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். வேகம் எவ்வளவு குறைகிறதோ, முறுக்கு விசை அவ்வளவு பெருகும். எனவே எஞ்சினில் ஒரு பங்கு கூட்டினால், கோடியிலுள்ள தண்டுகளுக்கு ஏறக்குறைய 40 பங்கு போய்ச் சேர்கிறது. சக்கரம் வழுக்கினால் தண்டு பிழைக்கும். கல்லில் பிடித்துக்கொண்டால் தண்டுதான் முறியும்.

"சரி, தண்டையும் தடித்ததா மாத்திட்டா?" என்று மைத்துனர் கேட்டார்.

"அப்போது பல்சக்கரம் உடையும். தண்டுக்கு உதிரியை நான் இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறேன். பல்சக்கரப் பெட்டியை எங்கே வைப்பது? உடைவதற்கு ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள், வண்டியைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள்" என்றார் அவர்.

மைத்துனர் அதன் பின் பேசவில்லை. அவரது ஜீப்பில் ஏறுவோர் தோட்டத் தொழிலாளிப் பெண்கள். அவர் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பிக்கேபஞ்சாங் கடந்து, கடைசி ஏற்றத்தையும் ஏறிச் சந்தக்பூ சேர்ந்தோம். அல்ஹம்து லில்லாஹ், வானம் தெளிந்திருந்தது. கஞ்சன்ஜங்கா எதிரே படுத்திருக்க, மேற்கே எவரெஸ்ட்டும் மக்காலுவும் தெரிந்தன. மைத்துனர் அவற்றை ஒரு முறை பார்த்தார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து அந்த இணைப்புத் தகட்டை அளவெடுக்கத் தொடங்கிவிட்டார்!

தாங்கள் செல்ல விரும்பினால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் செல்லுங்கள். மழைக்காலத்தில் சிங்காலிலா தேசியப் பூங்கா மூடப்பட்டிருக்கும். கம்பளி உடை அவசியம். முதியோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்லாதீர்கள். பழைய வண்டிக்கு எஞ்சின் மாற்ற எண்ணுவோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின் கீழ் இத்தகைய மாற்றங்களுக்கு விதிகள் உள்ளன, பதிவு அலுவலகத்தை அணுகாமல் பட்டறையோடு முடித்துக்கொண்டால் பின்னர் இடர் வரும்.

ஊர் திரும்பியதும் மைத்துனர் பழைய எஞ்சினையே பிரித்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டார். கிளட்சை மாற்றினார். ஆக்ஸில் தண்டுகள் இரண்டை உபரியாக வாங்கிச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டார். மூன்று வளையல்கள் வீடு திரும்பின. நான்காவது வளையலைப் பற்றி வீட்டில் இன்றும் பேச்சு எழுவதுண்டு. அப்போதெல்லாம் நான் பாடக் குறிப்பு எழுதப் போய்விடுகிறேன்.