ஹோம் ஃபென் கடிதம்: தரைக்கு மேலே வந்த தூண்

இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகருக்குத் தெற்கே, ஹோம் ஃபென் என்ற பிர்ச் மரக்காட்டில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. வெளியே தெரியும் உயரம் ஏறக்குறைய 4 மீட்டர். 1851-இல் நட்டபோது அதன் உச்சி தரைமட்டத்தில் இருந்தது. தூண் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நிலம்தான் இறங்கிவிட்டது.

பக்கத்தில் விட்டில்சி மியர் என்ற பெரிய ஏரி இருந்தது. அதை விளைநிலமாக்க முனைந்தவர்களில் முக்கியமானவர் நிலக்கிழார் வில்லியம் வெல்ஸ். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் பேர் வாங்கிய, ஆப்பொல்ட் என்பவரின் நீராவிப் பம்பு இங்கே வந்து ஏரியை வற்றச் செய்தது. மறு ஆண்டு நவம்பரில் கரை உடைந்து ஏரி மறுபடி நிரம்ப, பம்பு மறுபடி இறைத்தது.

தண்ணீர் வடிந்தால் நிலம் தாழும் என்று வெல்ஸுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் முதலில் ஓக் மரக் கம்பமும், பிறகு அதற்குப் பதிலாக இந்த வார்ப்பிரும்புத் தூணும் அடியிலுள்ள களிமண்ணில் ஊன்றி நிறுத்தப்பட்டன. தூண் கிரிஸ்டல் பேலஸிலிருந்து வந்தது என்பார்கள்.

இங்குள்ள மண் பீட்; ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறியும் முழுதாக மட்காத செடிகொடிகளின் திரள். நீர் போனதும் அது தன் பாரத்திலேயே அமுங்கிச் சுருங்குகிறது. அதன்பின் காற்று உள்ளே புக, நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்குகின்றன. மண்ணிலிருந்த கரிமம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. உழுத வயல்களில் காய்ந்த கறுப்பு மண்ணைக் காற்று வாரிக்கொண்டும் போகும். அமுங்குவது ஒரு கட்டத்தில் தணியும். மட்குவது பீட் உலர்ந்திருக்கும்வரை நிற்காது.

தூண் காட்டும் கணக்கும் அப்படித்தான். 1860-க்குள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வெளியே வந்துவிட்டது. 1892-இல் சுமார் 3 மீட்டர். எஞ்சிய ஒரு மீட்டருக்கு நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. பிடிமானம் தளர்ந்ததால் 1957-இல் எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டி, அருகே இரண்டாவது தூணும் நட்டார்கள்.

இப்போது இந்தப் பகுதி கடல்மட்டத்துக்கு 2.75 மீட்டர் கீழே. பிரிட்டனிலேயே தாழ்வான நிலம். ஃபென் எனப்படும் இந்தச் சதுப்புநில வயல்களை வெள்ளத்திலிருந்து காக்கப் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அளந்துகொண்டே இழந்த நிலம் இது. 2001-இல் தொடங்கிய கிரேட் ஃபென் திட்டம் சில வயல்களை மீண்டும் ஈரமாக்கி வருகிறது. எஞ்சிய பீட்டைக் காக்க அதைவிட நேரான வழி இல்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் பீட்டர்பரோவரை ரயிலில் வரலாம். தூணைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.